தங்கையின் பெயரில் சேரும் காசு ஆராய்ச்சிக்குப் போய்ச் சேருமா?

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை பதினேழு வயதில் ஈவிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயால் இறந்து, வருகிற ஆவணியோடு ஓராண்டு ஆகிறது. ஆண்டுத்திவசத்தை ஒட்டி விளையாட்டுக் கழகப் பெடியள் ஒரு ஞாபகார்த்தக் கரப்பந்தாட்டப் போட்டியும், புதுக்குடியிருப்பிலிருந்து புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற தெல்லிப்பழை வரை ஒரு சைக்கிள் பயணமும் வைத்து நிதி சேர்க்க நினைக்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற மச்சான்மாரும் தருவார்கள். அந்தக் காசு இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கே போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊரில் பெரியவர்கள், "ஆராய்ச்சி எல்லாம் வெள்ளைக்காரன் பார்ப்பான், பேசாமல் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டு, பிள்ளையின் பேராவது நிற்கும்" என்கிறார்களாம். எங்கள் காசு ஆராய்ச்சிக்கு உதவுமா, உதவுமென்றால் யாரிடம் எப்படிக் கொடுப்பது என்பது கேள்வி.

உதவும், தம்பி. ஆனால் "ஆராய்ச்சி" என்ற ஒரே சொல்லுக்குள் பல வேலைகள் இருக்கின்றன. எது லண்டனில் நடக்கும், எது எங்கள் பக்கத்தில் மட்டும்தான் நடக்க முடியும் என்று பிரித்துப் பார்த்தால் காசை எங்கே கொடுப்பது என்பது தெளிவாகிவிடும். நான் இருபது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் திசு வெட்டிப் பார்க்கிற பிரிவில் வேலை செய்தவன். என் அக்காவின் மகனையும் இதே நோயில்தான் இழந்தோம். அவன் பெயரில் நான்கு வருடம் போட்டி நடத்தினோம். அதில் சரியாகச் செய்ததையும் பிழைவிட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இந்த நோய் எவ்வளவு அரிது என்பதைப் பார்ப்போம். ஜேம்ஸ் ஈவிங் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1921இல் இதைத் தனி நோயாக விவரித்து எழுதினார். பெரும்பாலும் பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில், தொடை எலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு போன்ற இடங்களில் வரும். மேற்கு நாடுகளில் எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு. ஆசியர்களிடம் இன்னும் குறைவு. இதை வன்னிக்குப் போட்டுப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கு மாவட்டங்களும் சேர்ந்தே ஐந்து இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் முழு வன்னிக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளை. ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் பத்து வருடம் வேலை செய்த வைத்தியர்கூட இதை ஒரு தடவை கண்டிருந்தால் பெரிய காரியம். கால் வீங்கிய பிள்ளையைக் கண்டவுடன் அவருக்கு இந்த நோய் நினைவுக்கு வராததற்கு அவர்மீது மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஏன் வந்தது என்று அம்மா கேட்டிருப்பார். எல்லா அம்மாமாரும் கேட்பார்கள். கேட்காத அம்மா மனதுக்குள் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். 1992இல் இதன் மூலக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு கலத்துக்குள் 11ஆம் குறோமோசோமும் 22ஆம் குறோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டில் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து புதிதாக ஒன்று உருவாகி, கலத்தைப் பெருகு பெருகு என்று விரட்டுகிறது. நூறு நோயாளரில் 85 பேரளவில் இதே ஒட்டுத்தான். இது பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. சாப்பாட்டாலோ, விழுந்து அடிபட்டதாலோ வந்ததல்ல. 2009இல் போரின் கடைசிக் காலத்தில் அந்தக் குண்டுப் புகைக்குள் பிள்ளையை வைத்திருந்ததால்தானோ என்று என் அக்கா பல வருடம் அழுதார். ஒரு நஞ்சுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக இன்றுவரை எவரும் நிறுவவில்லை. இதை உங்கள் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். இந்த ஒரு பதில் கிடைத்ததும் ஆராய்ச்சியால்தான்.

இனி, காசு கொடுத்தால் உண்மையில் ஏதாவது மாறுமா என்பது. மாறியிருக்கிறது. கீமோதெரபி வருவதற்கு முன் இந்த நோய் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் இறந்தார்கள். இன்று நோய் ஓரிடத்தில் மட்டும் இருக்கும்போது கண்டுபிடித்து முழுச் சிகிச்சையும் கொடுத்தால் பத்தில் ஏழு பேர் பிழைக்கிறார்கள். பரவிய பிறகு வந்தால் மூன்று பேருக்கும் குறைவு. இந்த முன்னேற்றம் எப்படி வந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 2001க்கும் 2005க்கும் இடையில் வட அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். புது மருந்து ஒன்றும் இல்லை. வழமையான அதே மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பதா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பதா என்று மட்டும் பார்த்தார்கள். ஐந்து வருடத்தின் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் வகையில் 65 சதவீதம், இரண்டாவது வகையில் 73 சதவீதம். நாள்காட்டியை மாற்றியதற்கே நூற்றுக்கு எட்டுப் பிள்ளைகள்.

அந்தப் பரிசோதனையில் கணக்கில் எடுத்தவர்கள் 568 பேர். இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கில் வன்னி மட்டும் தனியே அதைச் செய்வதென்றால் ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் எடுக்கும். அரிய நோயில் ஆராய்ச்சிக்குக் காசு மட்டும் தட்டுப்பாடு இல்லை, நோயாளர்களே தட்டுப்பாடு. விற்பனை குறைவென்று மருந்துக் கம்பனிகள் பெரிதாக அக்கறைப்படுவதில்லை. அதனால் ஒவ்வொரு நோயாளரின் விபரமும், ஒவ்வொருவரின் கட்டியிலிருந்து எடுத்த துண்டும் பொன்போல. ஓர் ஊரில் ஒரு பிள்ளை சரியாகக் கண்டறியப்படாமல், பதியப்படாமல் இறந்துபோனால் ஆராய்ச்சியில் அந்தப் பிள்ளை வாழவே இல்லை என்று ஆகிவிடும். எண்ணப்படாமல் போவது என்றால் என்ன என்று வன்னியில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"எங்களைப் போன்ற இடத்திலிருந்து என்ன ஆராய்ச்சி" என்று சொல்கிறவர்களுக்கு டெனிஸ் பேர்கிற்றின் கதையைச் சொல்லுங்கள். உகண்டாவில் வேலை செய்த அறுவைச் சிகிச்சை வைத்தியர். 1957இல் தாடை வீங்கிய ஒரு சிறுவனைக் கண்டார். கொஞ்ச நாளில் இன்னொரு ஆஸ்பத்திரியில் அதேபோல இன்னொரு பிள்ளை. படம் போட்ட துண்டுப்பிரசுரம் அடித்து ஆபிரிக்காவின் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அனுப்பி, இப்படி ஒரு பிள்ளையைக் கண்டதுண்டா என்று கேட்டார். 1961இல் இரண்டு கூட்டாளி வைத்தியர்களோடு ஒரு பழைய காரில் பத்து வாரம், பத்தாயிரம் மைல் ஓடி, அறுபதுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரிகளில் போய் நேரே விசாரித்தார். அந்த நோய் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார். அவருடைய பேச்சை லண்டனில் கேட்ட ஆய்வாளர் ஒருவர் அந்தக் கட்டிகளை வரவழைத்துத் தேடியதில்தான் 1964இல், மனிதரில் புற்றுநோயோடு தொடர்புபட்ட முதல் வைரசு கண்டுபிடிக்கப்பட்டது. இதற்கெல்லாம் அடி எது? அந்தச் சின்னச் சின்ன மாவட்ட ஆஸ்பத்திரிகளில் யாரோ எழுதி வைத்த கொப்பிகள். முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கும் அப்படி ஒரு கொப்பி வைத்திருக்க முடியாதா?

சரி, இப்போது எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

பிள்ளைக்கு முழங்காலுக்கு மேலே நோகும். விளையாடும்போது அடிபட்டது என்று பிள்ளையே சொல்லும். சித்தாலேபைத் தைலம் பூசுவார்கள். குறையாது. முறிவு வைத்தியரிடம் கொண்டுபோவார்கள். அவர் எண்ணெய் போட்டு உருவி, பத்துப் போட்டுக் கட்டுவார். நான் முறிவு வைத்தியரைக் குறைத்துச் சொல்லவில்லை, எலும்பு முறிந்ததென்றால் அவர்கள் கை கெட்டிக்காரக் கை. ஆனால் புற்றுநோய்க் கட்டியை உருவக் கூடாது. இன்னொரு வகை, வளர்ந்தவர்களில் பார்த்திருக்கிறேன்: கட்டி தட்டுப்பட்டதும் "அது பழைய செல் துண்டு, வெளியே வரப் பார்க்குது" என்று, போரில் பாய்ந்த ஷெல் குண்டின் சிதறலாக நினைத்து விட்டுவிடுவார்கள். வன்னியில் எத்தனையோ பேரின் உடம்பில் துண்டு இருப்பதால் அது நம்பக்கூடிய விளக்கமாகவும் இருக்கிறது. ஒரு எக்ஸ்ரே எடுத்தால் இரும்பா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். (உடம்பில் துண்டு இருக்கிறவர்கள் எம்.ஆர்.ஐ எடுக்கப் போகும்போது கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அந்தக் காந்தத்தில் சில உலோகங்கள் அசையும்.)

பிறகு பயொப்சி, அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. இதில்தான் நான் பல தடவை மனம் நொந்திருக்கிறேன். எலும்புக் கட்டியில் பயொப்சி எடுப்பது சின்ன வேலை அல்ல. கடைசியில் பெரிய சத்திரசிகிச்சை செய்யப்போகிற வைத்தியரே, அல்லது அவரோடு கதைத்துத் திட்டம் போட்டவரே எடுக்க வேண்டும். ஊசி போன பாதையையும் பிறகு வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். பிழையான பக்கத்தால் போனால், காப்பாற்றக்கூடிய காலும் போய்விடும்.

எடுத்த துண்டு எங்களிடம் வரும். வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு போத்தல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வாய் ஒடுங்கிய போத்தல். அதற்குள் துண்டை அமுக்கிப் போட்டிருந்தார்கள். துண்டு பழுதாகாமல் காக்கும் போமலின் திரவம் பாதிக்குக்கூட இல்லை. துண்டின் மேல்பக்கம் காய்ந்து கறுத்திருந்தது. பேப்பரில் எழுதி ஒட்டிய பெயர் பஸ்ஸில் குலுங்கி வந்ததில் நனைந்து, முதல் எழுத்தும் வயதும் மட்டும்தான் தெரிந்தது. வயது 14. துண்டை மெழுகில் பதித்து, நான்கு மைக்ரோன் தடிப்பில் சீவி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஸ்லைட்டில் ஏந்தினேன். வழமையாக அந்த நாடா தண்ணீரில் சுருக்கம் இல்லாமல் பட்டுத்துணிபோல விரியும். அன்று துகள் துகளாகப் பிரிந்து போனது. வைத்தியர் மைக்கிரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "திரும்ப எடுக்கச் சொல்லுங்கோ" என்றார். திரும்ப எடுத்து, அறிக்கை போக ஆறு வாரம் ஆனது.

இன்னொன்றும் உண்டு. எலும்பை வெட்டுவதற்கு முன் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். கடும் அமிலத்தில் போட்டால் கெதியாகக் கரையும், ஆனால் மரபணுவும் அதோடு சிதைந்துவிடும். நான் மேலே சொன்ன 11–22 ஒட்டை அந்தத் துண்டில் பிறகு தேட முடியாது. ஈ.டி.ரி.ஏ என்ற மென்மையான கரைசலில் போட்டால் நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் எடுக்கும், ஆனால் மரபணு தப்பும். கட்டியில் எலும்பில்லாத மெதுவான பகுதி இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்தாலே போதும். இதற்கு இலட்சக்கணக்கில் காசு வேண்டாம். தெரிந்த ஆளும், சரியான போத்தலும் வேண்டும்.

நான் ஏன் இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் காசு ஆராய்ச்சிக்கு அதிகம் உதவக்கூடிய இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். லண்டன் ஆய்வுகூடம் ஒன்றுக்கு நீங்கள் அனுப்பும் மூன்று இலட்சம் ரூபாய் கடலில் கரைத்த பெருங்காயம். அதே மூன்று இலட்சம் வன்னியின் அடுத்த ஐந்து எலும்புக் கட்டி நோயாளர்களின் பயொப்சி சரியாக எடுக்கப்பட்டு, மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டு, துண்டைப் பதித்த மெழுகுக் கட்டி பத்திரமாக வைக்கப்பட்டு, விபரம் பதியப்படுவதற்குப் போனால், ஆராய்ச்சி உலகத்துக்கு இதுவரை இல்லாத ஒன்றைக் கொடுக்கிறீர்கள்.

அதற்காக வெளிநாட்டுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மச்சான்மாரின் காசை இங்கே வரவழைக்காமல் அங்கேயே கொடுக்கச் சொல்லுங்கள். முதல் வருடம் நாங்கள் எல்லாவற்றையும் ஊர்க் கணக்குக்கு எடுத்தோம். அது பிழை. இங்கிருந்து ரூபாயை வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புவது இலேசான காரியமும் அல்ல. பிரித்தானியாவில் வரி கட்டுகிறவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பவுண் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் திட்டத்தில் அரசாங்கத்திடமிருந்து இன்னும் 25 பென்ஸை அந்த நிறுவனம் பெற்றுக்கொள்ளும். கனடாவிலும் பதிவுபெற்ற நிறுவனம் தரும் பற்றுச்சீட்டைக் காட்டி வரியில் சலுகை எடுக்கலாம். எந்த நிறுவனம் என்றால், எலும்புப் புற்றுநோயை மட்டும் பார்க்கிற ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிரித்தானியாவில் போன் கான்சர் ரிசேர்ச் ட்ரஸ்ட் இருக்கிறது. இதே நோய்களில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் சேர்ந்து 2006இல் தொடங்கியது. இறந்தவர் பெயரில் தனி நிதியாக வைத்துச் சேர்க்கவும் அங்கே வழி உண்டு.

கனடா என்றவுடன் ரெறி ஃபொக்ஸை நினைக்காமல் இருக்க முடியாது. ரொறன்ரோவில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அவருக்கு வந்தது உங்கள் தங்கையுடையதற்குப் பக்கத்து நோய், ஒஸ்ரியோசார்கோமா. 1977இல், பதினெட்டு வயதில், வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். 1980 ஏப்ரல் 12ஆம் திகதி பொய்க்காலோடு ஓடத் தொடங்கி, நாளுக்கு ஒரு மரதன் தூரமளவில் 143 நாள், 5,373 கிலோமீற்றர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டதால் நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த ஆனியில், இருபத்திரண்டு வயதில் இறந்தார். கனேடியர் ஒவ்வொருவரும் ஒரு டொலர் தர வேண்டும் என்று கேட்டார். உயிரோடு இருக்கும்போதே இரண்டு கோடி நாற்பது இலட்சம் டொலர் சேர்ந்தது, அப்போதைய கனடாவின் சனத்தொகையளவு. அவர் பெயரில் நடக்கும் ஓட்டத்தில் சேரும் காசு எல்லாப் புற்றுநோய்க்குமான ஆராய்ச்சிக்குப் போகிறது. மச்சான்மார் அதில் தங்கையின் பெயரில் ஓடினாலும் நல்லதே. எலும்புப் புற்றுநோய்க்கென்றே போக வேண்டும் என்பது உங்கள் ஆசை என்பதால் வித்தியாசத்தைச் சொல்லிவைக்கிறேன்.

இங்கே சேரும் பங்குக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்குக் கடிதம் எழுதி, நோயியல் துறையினரைச் சந்திக்க நேரம் கேட்பேன். 1978இல் தொடங்கிய பீடம். மருத்துவ மாணவர்கள் படிப்புக்காகவே ஆய்வு செய்ய வேண்டும், ஆய்வுகளைப் பரிசீலிக்கும் ஒழுக்கநெறிக் குழுவும் இருக்கிறது. நினைவுப் பரிசு, தங்கப் பதக்கம் என்று குடும்பங்கள் கொடுப்பது அங்கே பழக்கமான விசயம். நீங்கள் பதக்கம் வேண்டாம், "வட மாகாணத்தில் எலும்பு, மென்திசுச் சார்கோமா நோயாளர்களின் பழைய அறிக்கைகளைத் தேடித் தொகுக்கும் ஒரு மாணவ ஆய்வுக்கு இந்தக் காசு" என்று கேளுங்கள். எத்தனை பேர், எந்த ஊர், முதல் நோவுக்கும் பயொப்சிக்கும் இடையில் எத்தனை மாதம், முதலில் யாரிடம் போனார்கள். இந்த நாலு கேள்விக்கும் விடை தெரிந்தாலே அடுத்த பிள்ளையின் விதி மாறும். அல்பிரட் நட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1971இல் கண் புற்றுநோய் வந்த 48 பேரின் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டுத்தான், புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்கள் உண்டு என்ற கருத்துக்கே வழி திறந்தார். 48 கோப்புகள், ஒரு கடதாசி, ஒரு பென்சில் என்றே சொல்லலாம்.

இலங்கையில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 1985இலிருந்து இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் பதியப்பட்டவர்கள்தான் அதற்குள் போவார்கள். முறிவு வைத்தியரின் திண்ணையோடு நின்றுபோன பிள்ளை போகாது.

காசைக் கொடுக்கும்போது கையில் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகமென்றால் நிதியாளர் பிரிவு மூலம், ஆஸ்பத்திரியென்றால் பணிப்பாளருக்கு எழுத்தில் அறிவித்து. எதற்கு என்று ஒரு வரியில் எழுதி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒரு தடவை நாங்கள் ஓர் இடத்துக்கு நல்ல மனதோடு கொடுத்த காசு கதிரையும் மின்விசிறியுமாக மாறியிருந்தது. அவர்கள் களவெடுக்கவில்லை. எதற்கென்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.

கரப்பந்தாட்டப் போட்டி வையுங்கள், கட்டாயம் வையுங்கள். தங்கை விளையாடியவர் என்று எழுதியிருக்கிறீர்கள், பெண்கள் அணிக்கும் ஒரு சுற்று வையுங்கள். ஆனால் செலவைப் பாருங்கள். எங்கள் முதல் வருடத்தில் சேர்ந்ததில் பாதிக்கு மேல் பந்தல், ஒலிபெருக்கி, லைற், ஆளுயரக் கிண்ணம், விருந்தினர் சாப்பாடு என்று போய்விட்டது. இரண்டாம் வருடம் ஒவ்வொரு செலவுக்கும் ஊரில் ஒருவரைப் பிடித்தோம்: கிண்ணம் கடைக்காரர், தண்ணீர் இன்னொருவர், சோறு மாதர் சங்கம். மைதானத்தில் சேர்ந்த காசில் ஒரு சதம்கூட நிகழ்வுக்குத் தொடவில்லை. இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், மூன்று பேர் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். போட்டி முடிந்து ஒரு வாரத்தில் முழுக் கணக்கையும் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டினோம். அடுத்த வருடம் கேட்காமலே ஆட்கள் தந்தார்கள். காசு சேர்ப்பதற்கும், ரிக்கெற் அடிப்பதென்றால் அதற்கும், முன்கூட்டியே கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்தில் கதைத்து அனுமதி எடுத்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்கும் தெருவில் ஓடுவதற்கும் பொலிஸ் அனுமதி.

சைக்கிள் பயணம் நல்ல யோசனை. தங்கை சிகிச்சைக்குப் போன அதே வழி என்பதால் சொல்கிறேன். விசுவமடு, தர்மபுரம், பரந்தன், ஆனையிறவு, பிறகு யாழ்ப்பாணத்தால் தெல்லிப்பழை என்று நூறு கிலோமீற்றருக்கு மேல் வரும். கீமோ ஏற்றிய பிள்ளை வாந்திப் பையோடு பஸ்ஸில் அந்தத் தூரம் திரும்பி வருவது எப்படி என்று ஓடுகிறவர்களுக்குக் கால் சொல்லிக்கொடுக்கும். அந்தத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியே நடந்து சேர்த்த காசில் எழுந்ததுதான். 2011 ஆடியில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர், 27 நாள் நடந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் சேர்ந்து, வன்னியைக் கடந்துதான் போனார்கள். விடிய நாலு மணிக்குப் புறப்படுங்கள். சோளகக் காற்று வீசும் காலத்தில் ஆனையிறவு வெளியில் சைக்கிளை நேரே பிடிப்பதே கஷ்டம், சின்னப் பெடியளை ஆனையிறவு தாண்டிய பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நினைவு மலர் அடிப்பீர்கள்தானே. தேவாரம், திதி வெண்பா, குடும்பத்தவர் புலம்பல் எல்லாம் இருக்கட்டும். நடுவில் இரண்டு பக்கம் எனக்குத் தாருங்கள், இதைப் போடுங்கள்: இரவில் நித்திரையைக் குழப்புகிற எலும்பு நோவு, இரண்டு மூன்று வாரம் ஆகியும் குறையாத, அல்லது கூடிக்கொண்டே போகிற வீக்கம், காரணமில்லாத காய்ச்சலோடு சேர்ந்த நோவு, சும்மா தடுக்கியதற்கே முறிந்த எலும்பு. இதில் ஒன்று இருந்தாலும் உருவ வேண்டாம், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுங்கள். அந்த மலரை உங்கள் பக்கத்து முறிவு வைத்தியர்களுக்கும் கொண்டுபோய் மரியாதையாகக் கொடுங்கள். நாங்கள் ஒருவருக்குக் கொடுத்தோம். அவர் கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்துவிட்டு, "தம்பி, இதை எனக்கு ஒருத்தரும் முந்திச் சொல்லேல்லையே" என்றார். அதற்குப் பிறகு அவர் உருவாமல் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பிய இரண்டு பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தங்கையின் படம் போடுவதென்றால் முடி கொட்டிய படம் வேண்டாம். அம்மா எந்தப் படத்தைத் தருகிறாரோ அதைப் போடுங்கள்.

பஸ் தரிப்பிடம் கேட்கிற பெரியவர்களோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர்கள் கேட்பதும் பிள்ளையின் பெயர் நிற்க வேண்டும் என்றுதான். மழைக்கு ஒதுங்க இடம் தேவையென்றால் அதை இன்னொரு வருடம் பார்க்கலாம். இந்த வருடம் இதற்கு என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இதைக் காசு சேர்க்கத் தொடங்கு முன்பே செய்யுங்கள். வீட்டில் தங்கையின் கோப்பை எடுங்கள். எங்கள் வீட்டில் அக்கா மெத்தைக்கு அடியில்தான் வைத்திருந்தார், எக்ஸ்ரே எல்லாம் மண்ணிறக் கவரில். பயொப்சி அறிக்கையைத் தேடுங்கள். மேல் மூலையில் ஓர் இலக்கம் இருக்கும், எழுத்தும் எண்ணுமாக, வருடத்தோடு. அதுதான் தங்கையின் மெழுகுக் கட்டியின் இலக்கம். அந்த இலக்கத்தோடு அந்த ஆய்வுகூடத்துக்குப் போய், அந்த மெழுகுக் கட்டி இன்னும் அலுமாரியில் இருக்கிறதா, மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டதா, இல்லையென்றால் குடும்பத்தின் சம்மதத்தோடு ஆய்வுக்கு வைத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள், சம்மதக் கையெழுத்து அவர்களுடையதாக இருக்க வேண்டும். போகும்போது அறிக்கையின் மூலப்பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள். போட்டோப் பிரதி எடுத்து அதைக் கொடுங்கள்.